மஸ்ஊத் தின்ற நீலத் துண்டு

என் ஒட்டகத்தைப் பட்டினியாகக் கட்டிப் போட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நாற்பத்தேழு நாட்கள், எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று இந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் பார்த்தேன், ஒருவர்கூட எழுதிக்கொள்ளவில்லை.

மராக்கேஷுக்கு வெளியே பேரீச்சந்தோப்பில், வந்தவர்களை ஒட்டகத்தில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து இறக்குவது என் தொழில். ஒட்டகத்தின் பெயர் மஸ்ஊத். அதிர்ஷ்டசாலி என்று அர்த்தம். என் பெயர் அல்லால். அதற்கு என்ன அர்த்தமோ, விசாரிக்கத் துணிந்ததில்லை.

சுற்று முடிகிற இடத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி எங்கள் பேட்டையின் ஹம்மாம், அதாவது பொது ஆவிக் குளியலறை, இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒட்டகத்தின் மேல் குலுங்கி இறங்குகிறவர் கவட்டைக் குச்சிபோல நடப்பார். மஸ்ஊத் எப்படி மணக்கிறானோ அப்படியே மணப்பார். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியதெல்லாம் வெந்நீரும் கறுப்பு சோப்பும் முதுகைத் தேய்க்க ஒரு முரட்டுக் கையுறையும்தான். நான் ஹம்மாம் பக்கம் கையைக் காட்டுவேன். அதை நடத்துபவள் லல்லா யாம்னா. லல்லா என்றால் எங்கள் ஊரில் அம்மணி. வந்தவர் பெண் என்றால் தானே தேய்த்துவிடுவாள். ஆண் என்றால் ஆறு மணிக்கு மேல் வரச் சொல்வாள். அப்போது அவளுடைய தம்பி இருப்பான். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் நடந்து வந்தது. இதற்கு ஒரு பெயர் உண்டென்று எங்களுக்குத் தெரியாது.

ஹம்மாம் வாசலில் கடிகாரம் கிடையாது, அறிவிப்புப் பலகை கிடையாது. கதவருகே ஓர் ஆணி. ஆணியில் ஒரு நீலத் துண்டு. துண்டு தொங்கினால் உள்ளே பெண்கள் இருக்கிறார்கள். துண்டு இல்லையென்றால் ஆண்கள் போகலாம். எங்கள் பேட்டையில் பத்து வரை எண்ணத் தெரியாதவனுக்கும் இது தெரியும்.

அந்த வியாழக்கிழமை மூன்றாவது சவாரிக்கு வந்தவர் உள்ளூர்க்காரர். கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத கால்சட்டை, கையில் சின்ன நோட்டு. “சவாரி, அப்புறம் ஹம்மாம். ரெண்டும் வேணும்” என்றார். காலையிலிருந்து மஸ்ஊத்துக்கு நான் எதுவும் வைக்கவில்லை. பார்லி மூட்டை வீட்டில் இருந்தது, வீடு அரை மைல், சோம்பல். இந்தச் சவாரியும் முடியட்டும், சேர்த்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

சுற்று முடிந்தபோது மணி ஐந்து. “ஆறு மணி வரைக்கும் பெண்கள் நேரம் ஐயா” என்றேன். “தெரியும், தெரியும். நானும் இந்த ஊர்தான்” என்று சொல்லிவிட்டு, தோப்பைப் பார்வையிடுகிறவர்போல நோட்டில் எழுதிக்கொண்டே போனார். நான் மஸ்ஊத்தை ஹம்மாம் கதவுக்கு அருகே இருந்த வளையத்தில் கட்டினேன். கயிற்றைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். எதிர்த்த கடையில் புதினாத் தேநீர் சொல்லி உட்கார்ந்து, காஸாபிளாங்காவின் கோல்கீப்பரைத் திட்டுவதில் மும்முரமானேன்.

பசித்த ஒட்டகத்தின் மூக்குக்கு நேராக, எண்ணற்ற ஈரக் கைகள் துடைத்து உப்பேறிய ஒரு துண்டு. அவனுக்கு அது துண்டாகத் தெரிந்திருக்காது.

அரைமணி கழித்து அந்த மனிதர் திரும்பி வந்தார். ஆணியைப் பார்த்தார். துண்டு இல்லை. வெளிநாட்டுக்காரனாக இருந்திருந்தால் வாசலில் முழித்து நின்று நாலு பேரைக் கேட்டிருப்பான், பிழைத்திருப்பான். இவர் விஷயம் தெரிந்தவர். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, துண்டைத்தான் பார்த்தார். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு நேரே உள்ளே போய்விட்டார்.

உள்ளே இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள்.

முதலில் ஒரு வாளி விழும் சத்தம். பிறகு எல்லா வாளிகளும். நான் தேநீர்க் கிளாஸோடு எழுந்தபோது கதவு திறந்து அவர் வெளியே வந்தார். கண்ணாடி இல்லை. தலை முதல் இடுப்பு வரை கறுப்பு சோப்பு. ஒரு காலில் யாருடையதோ ரோஜா நிறச் செருப்பு. எதிரே மஸ்ஊத் நின்றுகொண்டிருந்தான். துண்டின் கடைசி முனை அவனது உதட்டோரம் நீலமாகத் தொங்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மஸ்ஊத் நிதானமாக அந்த முனையையும் உள்ளே இழுத்துக்கொண்டான்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆனால் ஹம்மாமிலிருந்து வெளியே வருகிற யாரைப் பார்த்தாலும் எங்கள் ஊரில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குழந்தையிலிருந்து சொல்லிப் பழகிய நாக்கு. அது தானாகச் சொல்லிவிட்டது.

“குளிச்ச சுகம் நிலைக்கட்டும் ஐயா!”

அவர் சட்டைப் பையிலிருந்து சொட்டச் சொட்ட ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். இன்ஸ்பெக்டர் லஹ்லூ. ஒருங்கிணைந்த அனுபவங்கள் அலுவலகம்.

சனிக்கிழமை லாரி வந்தது. மஸ்ஊத்தை ஏற்ற நான்கு பேர் முக்கினார்கள். கடைசியில் நான்தான் முன்னால் நடந்து அவனை ஏற்றிவிட வேண்டியிருந்தது. நான் போனால் அவனும் வருவான். பதினேழு வருடமாக அப்படித்தான். லாரியிலிருந்து நான் மட்டும் இறங்கியபோது கழுத்தை நீட்டிப் பார்த்தான். கையில் ஒரு ரசீது கொடுத்தார்கள். ‘பறிமுதல் செய்யப்பட்டது: அனுமதியற்ற ஒருங்கிணைந்த நிலையத்தின் நகரும் பகுதி, ஒன்று.’

“ஹம்மாமை என்ன பண்ணப் போறீங்க?” என்று யாம்னா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

“அது நகராத பகுதிங்க. அதை அப்புறம் பாத்துக்கலாம். அது ஓடிப் போயிடாதுல்ல” என்றார் லாரியோடு வந்தவர்.

“ஒட்டகம் மட்டும் ஓடிப் போற மாதிரியா இருக்கு? ஏத்தவே நாலு பேரு வேண்டியிருந்துச்சு!”

இப்படித்தான் நாங்கள் நடத்தி வந்த காரியத்தின் பெயர் எங்களுக்குத் தெரியவந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். இடதுபக்க ஜன்னலின் மேல் ‘அசைவு’ என்று எழுதியிருந்தது. வலதுபக்கம் ‘சுகாதாரம்’. நடுவில் இருந்த ஜன்னலில் ‘இரண்டும்’. நடு ஜன்னலில் ஒரு பெண் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்க நடத்துறது ஒருங்கிணைந்த அனுபவம்” என்றாள்.

“இல்லம்மா. முதல்ல ஒட்டகம். இறங்கினதுக்கு அப்புறம் குளியல். அது வேற, இது வேற. நடுவுல ஐம்பது அடி நடக்கணும்.”

“அந்த ஐம்பது அடிக்கு யாரு பொறுப்பு?”

“நடக்கிறவருதான்.”

‘ஐம்பது அடி: பொறுப்பாளர் இல்லை’ என்று அவள் எழுதிக்கொண்டாள். முகத்தைப் பார்த்தால் பெரிய ஊழலைக் கண்டுபிடித்தவள்போல இருந்தது.

“அம்மா, தப்பு என்னோடதுதான். ஒட்டகத்துக்குத் தீனி வைக்கல. அது பசியில துண்டைத் தின்னுடுச்சு. அதனாலதான் இன்ஸ்பெக்டர் ஐயா…”

பேனா நின்றது. “எந்தத் துண்டு?”

“வாசல்ல தொங்குமே, அந்த நீலத் துண்டு.”

அவள் ஃபைலைப் புரட்டினாள். பொறுமையாக, ஒவ்வொரு தாளாக. “அறிக்கையில துண்டே இல்லையே. ‘இன்ஸ்பெக்டர் நிலையத்தை வெளியிலிருந்து பார்வையிட்டார்’னுதான் இருக்கு.”

“வெளியில நின்னு பாத்தவருக்கு உடம்பு பூரா சோப்பு எப்படிம்மா வந்துச்சு?”

“சோப்பும் இல்ல.”

ஊருக்கே தெரியும். மசாலாக்காரர்கள் லஹ்லூவைப் பார்த்தால் கடை வாசலில் நீலமாக எதையாவது தொங்கவிட்டார்கள். ரோஜா நிறச் செருப்பைத் தேடி ஒரு பாட்டுக்கூடக் கட்டியாயிற்று. நடு ஜன்னல் பெண்ணின் அத்தையே அன்று உள்ளே வாளியோடு இருந்தவள்தான் என்று யாம்னா சொன்னாள். மராக்கேஷில் இந்தச் சங்கதி தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அது அந்த ஃபைல்.

“சரிம்மா, ஒட்டகம் எப்போ கிடைக்கும்?”

“யாரு பிடிச்சாரோ அவருதான் காரணத்தை எழுதி விடுவிக்கணும். அவரு மாறிப்போனாலோ, இல்லாமப் போனாலோ, ஃபைல் முதல்லேருந்து ஆரம்பிக்கும்.”

“அவரைப் பாக்கலாமா?”

“அவரு வெளியில பார்வையிடப் போயிருக்காரு.”

மஸ்ஊத் நகராட்சிப் பட்டியில், தெருவில் திரிந்து பிடிபட்ட கழுதைகளுக்கு நடுவே நின்றான். பட்டியைக் காப்பவர் புஷைப் என்ற கிழவர். ‘பறிமுதலான பொருளுக்குத் தீனி வைப்பது பொருளை மாற்றியமைப்பதாகும்’ என்று கதவில் ஒட்டியிருந்தது.

“படிச்சியா?” என்றார் புஷைப்.

“படிச்சேன்.”

“எனக்குப் படிக்கத் தெரியாது. நான் தொழப் போறேன். வர்றதுக்கு அரைமணி ஆகும்.”

தினமும் அரைமணி. மடியில் பார்லியும் பேரீச்சங்கொட்டையும் கட்டிக்கொண்டு போவேன். முதல் நாலு நாள் மஸ்ஊத் தொடவில்லை. என் தோளுக்கு மேலாக, லாரி வந்த சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்தாம் நாள் தின்றான். என்னை மன்னித்தான் என்று சொல்லமாட்டேன். பசித்திருக்கும்.

ஒட்டகம் இல்லாத ஒட்டகக்காரன் என்ன செய்வான்? யாம்னா ஹம்மாம் அடுப்புக்கு விறகு தள்ளச் சொன்னாள். “யோவ் அல்லால், ஒட்டகத்தைப் பறிகொடுத்துட்டு என் வாசல்லயே பேய் மாதிரி நிக்காத. வர்றவங்க பயப்படுறாங்க. போயி அடுப்பைப் பாரு.” அதை அவள் இரக்கத்தோடுதான் சொன்னாள், திட்டாமல் இரக்கப்பட அவளுக்குத் தெரியாது.

இரண்டாம் வாரம் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒருங்கிணைந்த நிலையம் என்றால் அதன் எல்லாப் பகுதிகளுக்கும் எல்லாச் சான்றிதழ்களும் வேண்டுமாம். அசைவுப் பிரிவின் சான்றிதழை யாம்னாவும், சுகாதாரப் பிரிவின் சான்றிதழை மஸ்ஊத்தும் பெற வேண்டும். அசைவுப் பிரிவுக்குச் சான்றிதழ் கொடுப்பவர் கால்நடை மருத்துவர்.

நானும் யாம்னாவும் போனோம். ஒரு பக்கம் கோவேறு கழுதை, மறுபக்கம் ஆடு. நடுவில், விருந்துக்குப் போடும் ஜெல்லாபா அங்கி அணிந்து யாம்னா உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் இளைஞர், நல்ல பிள்ளை. படிவத்தைப் பார்க்கப் பார்க்க அவர் காது சிவந்தது.

“மன்னிச்சுக்குங்க லல்லா. இதுல இருக்கறதைத்தான் நான் கேக்க முடியும். வயசைப் பல்லைப் பாத்து எழுதணும்னு இருக்கு.”

“பாருப்பா. பாதிதான் இருக்கு. பாதி வயசுன்னு எழுதிக்கோ.”

“நூத்தம்பது கிலோ சுமப்பீங்களா?”

“என் புருஷன் இருந்தவரைக்கும் அவரைச் சுமந்தேன். அவரு அதுக்கு மேலேயே இருந்தாரு.”

“கட்டளை கொடுத்தா… மண்டி போடுவீங்களா?”

யாம்னா தன் முழங்கால்களைப் பார்த்தாள். “முப்பத்தெட்டு வருஷமா ஈரக் கல்லுல மண்டி போட்டுத்தான் ஊரு முதுகையெல்லாம் தேய்க்கிறேன். கட்டளைக்குன்னு தனியாப் போட்டதில்ல” என்றாள்.

மருத்துவர் தலை நிமிராமல் ‘ஆம்’ என்று எழுதி முத்திரை குத்தினார். அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். வெளியே வந்ததும் யாம்னா சான்றிதழை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். “கடிக்கும் பழக்கம் இல்லைன்னு போட்டிருக்கான். எழுதறதுக்கு முன்னாடி அந்த லஹ்லூவைக் கேட்டிருக்கலாம். தோள்பட்டையைக் காட்டியிருப்பாரு.”

அடுத்தது மஸ்ஊத்தின் முறை. சுகாதாரப் பிரிவின் சான்றிதழுக்கு முழுக் குளியல் நடந்தாக வேண்டும், அதை ஓர் அதிகாரி நேரில் பார்த்தாக வேண்டும். ஆவி, சோப்பு, தேய்ப்பு, களிமண், பன்னீர் என்று ஐந்து கட்டம். ஆவிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பட்டியிலேயே ஒரு கொதிக்கும் அண்டாவை மஸ்ஊத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். யாம்னா கையுறையை மாட்டியபோது அதிகாரி தடுத்தார்.

“ஒட்டகம் ஆணா, பெண்ணா?”

“ஆண்.”

“அப்போ நீங்க தேய்க்கக் கூடாதும்மா. விதி இருக்கு.”

“ஏம்ப்பா, அவன் என்ன தப்பா நெனச்சுக்கப் போறானா?”

“விதி அம்மா.”

அவள் தம்பியோ, “நான் இன்னும் அந்த அளவுக்கு இறங்கல” என்று சொல்லி வர மறுத்துவிட்டான். ஆகவே நானே கையுறையை மாட்டினேன். ஆண்கள் நேரம் என்று தெரிய, பட்டிக் கதவிலிருந்து துண்டை எடுக்கச் சொன்னார் அதிகாரி. துண்டே தொங்கவில்லை என்றேன். எடுப்பதற்காக முதலில் ஒன்றைத் தொங்கவிடச் சொன்னார். புஷைப் தன் தோளில் கிடந்த துண்டைக் கதவில் மாட்டினார். அதைத் திரும்ப எடுக்க எல்லோரும் மறந்துபோனோம்.

பதினேழு வருடத்தில் நான் மஸ்ஊத்துக்கு இப்படி ஒரு குளியல் போட்டதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கழுத்துச் சரிவில் கையுறையைப் போட்டு இழுத்ததும் பழைய ரோமமும் புழுதியும் திரிதிரியாக வந்தன. சேணம் அழுத்திய இடத்தில் ஒரு காய்ப்பு. அங்கே மெதுவாகத் தேய்த்தேன். மஸ்ஊத் கண்ணை மூடி, அவ்வளவு பெரிய தலையைக் கொண்டுவந்து என் தோளில் சாய்த்தான். கொஞ்ச நேரம் நான் கையை அசைக்கவில்லை.

“வாடிக்கையாளர் இளைப்பாறினாரா?” என்று அதிகாரி படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இளைப்பாறினாரு ஐயா.”

அவர் அடையாளம் போட்டுக்கொண்டிருக்கும்போதே மஸ்ஊத் கண்ணைத் திறந்தான், கழுத்தை நீட்டினான், கதவில் தொங்கிய துண்டை உருவினான். அதிகாரிக்கு மூன்றடி தூரத்தில், பட்டப்பகலில், அமைதியாக மெல்ல ஆரம்பித்தான்.

நான் துள்ளிக் குதித்தேன். “ஐயா! பாருங்க, பாருங்க! இதேதான்! அன்னிக்கும் இப்படித்தான் நடந்துச்சு! நீங்களே சாட்சி!”

அதிகாரி பேனாவுக்கு மூடி போட்டார். வானத்தைப் பார்த்தார். துண்டு முழுசாக உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

“நான் குளியலைப் பாக்க வந்தவன். துண்டு என்னோட பிரிவு இல்ல” என்றார்.

சான்றிதழ்கள் இரண்டும் கைக்கு வந்துவிட்டன. ஒட்டகம் வரவில்லை. “சான்றிதழ் இருக்கறது அவசியம்தான். ஆனா போதாது” என்றாள் நடு ஜன்னல் பெண். போதாதது எது என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள். யார் பார்ப்பது என்று கேட்டேன். திங்கட்கிழமை வரச் சொன்னாள். அப்படி ஐந்து திங்கட்கிழமைகள்.

ஆறாவது வாரம் எனக்கு அழைப்பிதழ் வந்தது, பொன்னெழுத்தில். பெரிய ஓட்டல் ஒன்றில் அலுவலகத்தின் ஆண்டு விழா. நான் ‘களப் பங்காளர்’ என்று போட்டிருந்தார்கள். மேடையில் வெள்ளைக் குளியலங்கி போர்த்திய ஓர் ஒட்டகச் சிலை நின்றது. காலில் செருப்புகூட இருந்தது, நாலு காலுக்கும். இயக்குநர் ஸ்கல்லி பேச எழுந்தார். நல்ல குரல். எந்த வார்த்தைக்கும் நோகாத குரல்.

“மதிப்பிற்குரியவர்களே! ஒட்டகத்தில் ஏறுகிற மனிதர் அழுக்காகிறாரா? இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அறிவியல் முறைப்படி கேட்டதில்லை. எங்கள் குழு ஒன்பது மாதங்கள் நான்கு நாடுகளின் கடற்கரை விடுதிகளில் தங்கி இதை ஆராய்ந்தது. அந்த நாடுகளில் ஒட்டகம் இல்லாதது எங்களுக்குப் பெரிய அனுகூலம். முன்முடிவு இல்லாமல் சிந்திக்க முடிந்தது. ஆம், ஆகிறார் என்பதே எங்கள் முடிவு.”

கைதட்டல்.

“முன்பெல்லாம் ஒருவர் ஒட்டகத்திலிருந்து இறங்குவார். ஹம்மாமுக்கு நடந்து போவார். குளிப்பார். வீட்டுக்குப் போய்விடுவார். இத்தனையும் ஓர் அலுவலகம் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் நடுங்குகிறது. அந்த வெற்றிடத்தைத்தான் நாங்கள் நிரப்பினோம். இந்த ஆண்டில் மட்டும் பதினான்கு நிலையங்களை ஒருங்கிணைத்திருக்கிறோம். பதினான்கிலிருந்தும் ஒரு புகார்கூட வரவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன். ஏனெனில் பதினான்கும் தற்சமயம் மூடப்பட்டுள்ளன.”

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் என்னையும் தூக்கி நிறுத்தினார், நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை. எல்லோரும் தட்டும்போது கை தனியாக இருந்தால் அதற்குக் குளிர்கிறது.

களப் பங்காளர் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார்கள். நான் மட்டும்தான் களப் பங்காளர். ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார்கள்.

“ஐயா, என் ஒட்டகம் பட்டியில இருக்கு. அது எப்போ வீட்டுக்கு வரும்?”

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார், நல்ல பாட்டைக் கேட்பவர்போல. “எவ்வளவு அழகான கேள்வி! இப்படிப்பட்ட கேள்விகள் கீழே இருப்பவர்களிடமிருந்து எழுவதுதான் எங்கள் உண்மையான சாதனை. இந்தக் கேள்வியை நாங்கள் இழந்துவிடக் கூடாது. அடுத்த ஆண்டும் இதே கேள்வியை இவர் கேட்கும் வகையில் ஏற்பாடு செய்வோம்.”

சட்டமிட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் இன்ஸ்பெக்டர் லஹ்லூ நின்றிருந்தார். என் கண் பட்டதும் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

பாராட்டுப் பத்திரத்தை அடுப்பறையில் மாட்டினேன். யாம்னா பார்த்தாள். “கண்ணாடி நல்லா இருக்கு. உள்ளே இருக்கறதை எடுத்துட்டு என் தம்பி கல்யாணப் படத்தை வைக்கலாம்” என்றாள்.

நாற்பத்தேழாம் நாள் வியாழக்கிழமை. ஆறு மணிக்கு யாம்னா புதுத் துண்டை ஆணியிலிருந்து எடுத்தாள். நான் விறகு தள்ளி முடித்துவிட்டு, உடம்புக் கரியைக் கழுவலாமென்று உள்ளே போய் வெந்நீர் தொட்டிக்கு அருகே உட்கார்ந்தேன். அன்று ஆள் குறைவு. ஆவியில் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை.

வெளியே யாரோ தேநீர்க் கடைக்காரரிடம் கேட்பது கேட்டது. “இப்போ ஆம்பளைங்க நேரம்தானே? நிச்சயமா? நீ பாத்தியா?” பிறகு வாசலில் மூன்று தடவை பலமான இருமல். பிறகு, “உள்ள வர்றேன்! ஆம்பள!” என்று ஒரு குரல்.

உள்ளே இருந்த இரண்டு கிழவர்கள் சத்தமில்லாமல் குலுங்கினார்கள்.

வந்தவர் எனக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வாளி நிரப்பினார், சோப்புப் போட்டார், கை எட்டியவரை தேய்த்தார். முதுகுக்குத் தன் கை யாருக்கும் எட்டாது. எங்கள் ஹம்மாமில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் கையுறையை நீட்டுவோம். நீட்டினால் மறுக்கக் கூடாது. அப்பனைக் கொன்றவன் நீட்டினாலும் தேய்த்துத்தான் விட வேண்டும்.

“அண்ணே, முதுகு…” என்று அவர் திரும்பாமலே கையுறையைப் பின்னால் நீட்டினார்.

வாங்கி மாட்டிக்கொண்டேன். இடது தோளில் பல் பதிந்த தழும்பு இருந்தது. யாம்னா பொய் சொல்லவில்லை. தோளிலிருந்து இடுப்புவரை இழுத்தேன். அழுக்கு திரிதிரியாக உருண்டு வந்தது. ஆறேழு வாரத்து அழுக்கு.

“ரொம்ப நாளாச்சுங்களா?” என்றேன்.

“வேற மூணு ஹம்மாமுக்குப் போனேன்ணே. உள்ள நுழைஞ்சாலே சிரிக்கிறாங்க. ஒருத்தனும் முதுகைத் தொடமாட்டேங்கறான். இங்கயாவது சிரிச்சு முடிச்சிருப்பாங்கன்னு வந்தேன்.” காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். “நல்ல கைண்ணே உங்களுது. எங்க பழகினீங்க?”

“ஒட்டகத்துகிட்ட.”

கைக்குக் கீழே முதுகு கல்லாக இறுகியது. எழுந்து ஓடப்போகிறார் என்று நினைத்தேன். ஓடவில்லை. பாதி முதுகில் சோப்போடு எங்கே ஓடுவார்? நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இத்தனை நாளாக அதைத்தான் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது அலுவலகம் இல்லை. தொந்தி விழுந்த, முதுகு எட்டாத ஓர் ஆள்.

“ஐயா, நான் உங்களை எதுவும் சொல்ல வரல. துண்டு, சோப்பு எதுவும் வேண்டாம். தீனி வைக்காதது என் தப்பு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், அழகான கேள்வின்னு சட்டம் போட்டுக் குடுத்துட்டாங்க. மஸ்ஊத் எனக்குக் கிடைப்பானா, கிடைக்கமாட்டானா?”

கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணினேன். ஒன்பது சொட்டு.

“கிடைக்கமாட்டான்” என்றார் லஹ்லூ.

என் கை நின்றது.

“விடுவிக்கணும்னா ஏன் பிடிச்சேன்னு எழுதணும் அல்லால். ஏன்னு எழுதினா துண்டு வரும். துண்டு வந்தா நான் உள்ள இருந்தது வரும். எழுதமாட்டேன். எனக்குத் தைரியம் கிடையாது. ரிட்டயர் ஆக ஏழு வருஷம் இருக்கு. கடைசி நாள் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன். அதுக்கு முன்னாடி கிடைக்கமாட்டான்.”

ஏழு வருடம். மஸ்ஊத்துக்கு அது பெரிதில்லை. ஒட்டகம் நாற்பது வரைக்கும் இருக்கும். எனக்கு அறுபத்துமூன்று ஆகிறது, வலது முழங்கால் வேறு. ஆனாலும் மார்பில் ஏதோ இளகியது. நாற்பத்தேழு நாளில் முதல் தடவையாக ஒரு மனிதன் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறான். இந்த ஏழு வருடமும் இவர் மாறிப்போகாமல், இல்லாமலும் போகாமல் இருந்தால் ஃபைல் முதலிலிருந்து ஆரம்பிக்காது என்றும் நினைத்துக்கொண்டேன்.

மிச்ச முதுகையும் தேய்த்து முடித்தேன். பெரிய வாளி நிறைய இதமான சூட்டில் தண்ணீர் கலந்து, மெதுவாக அவர் தோளில் ஊற்றினேன்.

“குளிச்ச சுகம் நிலைக்கட்டும் ஐயா” என்றேன். இந்தத் தடவை அதை நாக்கு தானாகச் சொல்லவில்லை. “ஈரத் தலையோட வெளிக்காத்துல போகாதீங்க.”